2025 பேஸ்போல் வேர்ல்ட் சீரிஸ், ஏழாவது மேட்ச்: ஃபலேஃபா ஏன் மூண்டாம் பேஸோட ஒட்டிக்கொண்டு நிண்டவர்?

#1 பெஞ்ச்சில_இருக்கிறவன்
எங்கட ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் டொட்ஜர்ஸிட்டை பதினோராவது இனிங்ஸில தோத்திட்டுது, நித்திரை வரேல்லை. மணி ரெண்டு அடிக்கப்போகுது எண்டு பாத்தா திரும்ப ஒண்டு, ஏனெண்டா இண்டைக்குத்தான் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுற நாள். அழுறதுக்கு ஒரு மணித்தியாலம் சும்மா குடுத்திருக்கிறாங்கள்.

4-3 எண்டு முன்னுக்கு நிக்கிறம், ஒன்பதாவது இனிங்ஸ், ஒரு அவுட் எடுத்தாச்சு, இன்னும் ரெண்டே ரெண்டு. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சின மத்தாப்பு கராஜுக்குள்ள கிடக்கு, தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்து வாசல்ல வச்சிட்டான். அப்பதான் டொட்ஜர்ஸின்ர ரோஹாஸ். ஒட்டானி இல்லை, ஃப்ரீமன் இல்லை, மிகேல் ரோஹாஸ். 36 வயசு. எங்கட ஹொஃப்மன் போட்ட ஸ்லைடரை லெஃப்ட் ஃபீல்ட் வேலிக்கு அங்கால தூக்கிப் போட்டிட்டு ஓடுறான், 4-4, வீட்டில ஒருத்தரும் மூச்சு விடேல்லை, அம்மா மட்டும் குசினிக்குள்ள இருந்து "முடிஞ்சுதோ" எண்டு கேட்டவ.

சரி அது போகட்டும். ஒன்பதாவதில எங்கட முறை, பேஸ் மூண்டும் ஃபுல், ஒரு அவுட்தான். ஃபலேஃபா மூண்டாம் பேஸில. வார்ஷோ நிலத்தோட அடிச்ச பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடிச்சு ஹோமுக்கு எறியிறான், அரை அடி வித்தியாசத்தில அவுட். அரை அடி! பேஸை விட்டு இன்னும் ரெண்டு எட்டு முன்னுக்கு நிண்டிருந்தா இண்டைக்கு யங் ஸ்ட்ரீற் முழுக்க ஹோர்ன் சத்தம். ஏன் அந்தாள் பசை போட்ட மாதிரி நிண்டவர்? ஆரும் விளங்கப்படுத்துங்கோ, எனக்கு விசர் பிடிக்குது.

#2 மூண்டாம்பேஸ்_அக்கா
அவரைப் பேசாதேங்கோ தம்பி. தள்ளி நிக்க வேண்டாம் எண்டு சொல்லித்தான் விட்டவை, மேட்ச் முடிய அவரே சொன்னவர். பந்து நிலத்தில படாமல் நேர கைக்குள்ள போனா (லைன் டிரைவ்), பேஸை விட்டுத் தள்ளி நிக்கிறவனும் சேந்து அவுட், டபுள் பிளே ஆகிடும் எண்ட பயம்.

ஏன் பயம்? முதல் நாள் ஹலோவீன் இரவு என்ன நடந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நான் வாசல்ல சொக்லேட் சட்டியோட இருந்து போனில பாத்துக்கொண்டிருந்தனான். ஆறாவது மேட்ச், 3-1 பின்னுக்கு நிக்கிறம், ஒன்பதாவது இனிங்ஸ். பார்ஜர் அடிச்ச பந்து சென்ரர் ஃபீல்ட் வேலிக்குக் கீழ போய்ச் செருகிப் போச்சு, அதால டெட் போல், ரெண்டு பேஸுக்கு மேல போகேலாது, ஓடி முடிச்ச ரன்னும் கணக்கில இல்லை. பிறகு ஹிமேனஸ் அடிச்சது லெஃப்டில மெல்ல விழப்போற மாதிரிப் போகுது, பார்ஜர் அது விழும் எண்டு நினைச்சு வெளிக்கிட்டிட்டான், டொட்ஜர்ஸின்ர கீக்கே ஓடி வந்து பிடிச்சு ரெண்டாம் பேஸுக்கு எறிஞ்சான், மேட்ச் குளோஸ். அந்தப் பந்தைப் பேஸில நிண்டு பிடிச்சது ஆர் தெரியுமோ? ரோஹாஸ்தான்.

அடுத்த நாள் அதே பயத்தோட ஒருத்தன் பேஸில நிக்கிறான். நான் பொம்பிளைப் பிள்ளையளுக்கு சொஃப்ட்போல் பழக்கிறனான், ஒருக்கா லைன் டிரைவில அகப்பட்ட பிள்ளை ஒரு மாசத்துக்கு பேஸை விட்டு அசையாது. பெரிய ஆக்களும் அப்பிடித்தான் போல.

#3 வைகைக்கரை
நான் மதுரை, பேஸ்பால் ஏபிசிடி தெரியாது, ரெண்டு வாரமா இந்த இழையைப் படிச்சு படிச்சே பார்க்க ஆரம்பிச்சேன், இங்க காலைல மேட்ச் வரும், ஆபீஸ் கிளம்புறப்ப ஓடிக்கிட்டே இருக்கும். திட்டாதீங்க, ஒரு டவுட். அந்த கீப்பர் ஓடி வந்தவரைத் தொடவே இல்லையே, பந்தைப் பிடிச்சார், அவ்ளோதான். எப்படி அவுட்?

#4 கணக்குப்பிள்ளை
நல்ல கேள்வி, திட்ட ஒண்டும் இல்லை. மூணு பேஸிலயும் ஆள் நிக்கேக்க நிலத்தில பந்து விழுந்தா எல்லாரும் ஓடியே ஆகோணும், பின்னால வாறவனுக்கு இடம் விடோணும். கிரிக்கெட்டில ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிண்டா மற்றப் பக்கம் விக்கெட்டில பந்து பட்டாலே காணும், ஆளைத் தொடத் தேவையில்லை, அந்த மாதிரி. கச்சர் பந்தோட பிளேற்றை மிதிச்சாலே அவுட், அதுதான் ஃபோர்ஸ்.

இதில ஒரு கூத்து என்னெண்டா கச்சர் ஸ்மித்தின்ர கால் பிளேற்றை விட்டு ஒரு கணம் எழும்பி, பிறகு திரும்ப விழுந்தது. ரீப்ளேயில அந்தச் சப்பாத்து நுனியை நான் இருபது தரம் பாத்திட்டன். கால் இறங்கினாப் பிறகுதான் ஃபலேஃபாவின்ர கால் வருது. அம்பயர் சொன்னது சரி, சொல்ல மனம் வரேல்லை, ஆனாச் சரி.

மற்றது, அவர் சறுக்காமல் நேர ஓடியிருக்கலாம் எண்டு ஒரு கூட்டம் கத்துது. ஹோம் பிளேற்றைத் தாண்டி ஓடலாம், ரூல் அதுக்கு விடுது, முதலாம் பேஸ் மாதிரித்தான். அதில நியாயம் இருக்கு.

#5 சான்டாமோனிகா_சாம்பார்
உள்ளே வரலாமா? ஹெல்மெட் போட்டுக்கிட்டு தான் வந்திருக்கேன்.

#6 பெஞ்ச்சில_இருக்கிறவன்
வந்திட்டார் டொட்ஜர்ஸ் மாப்பிள்ளை. கதவைப் பூட்டுங்கோ.

#7 சான்டாமோனிகா_சாம்பார்
சத்தியமா சொல்றேன், சந்தோஷமா தூங்க முடியல. நாங்க ஜெயிச்சதுக்கு நியாயமே இல்ல, பதினெட்டு இன்னிங்ஸ் மூணாவது மேட்ச் ஆடினீங்களே, அன்னைக்கு ஒட்டானி ஒம்போது தடவ பேஸ்ல நின்னான், அதுக்கப்புறமும் அடுத்த ரெண்டு மேட்சை எங்க கிரவுண்ட்லயே வந்து தூக்கிட்டுப் போனீங்க. யெசாவிஜ்னு ஒரு பையன், இந்த வருஷ ஆரம்பத்துல சின்ன லீக்ல கிடந்தவன், 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்றான். வேர்ல்ட் சீரிஸ்ல எந்த புதுப் பையனும் அவ்ளோ எடுத்ததில்ல. நேத்து பிஷெட் ஒட்டானி பந்துல மூணு ரன் ஹோமர் அடிச்சப்ப நான் டிவிய ஆஃப் பண்ணிட்டு நாயைக் கூட்டிட்டு வாக்கிங் போயிட்டேன்.

ஆனா எங்க பிச்சர் (பந்து எறியறவர்) யமமோட்டோவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. வெள்ளிக்கிழமை 96 பந்து போட்டுட்டு சனிக்கிழமை திரும்ப வந்து கடைசி எட்டு அவுட்டும் அவன்தான். பிச்சர் கையை முட்டை மாதிரி பொத்திப் பொத்தி வைக்கிற இந்தக் காலத்துல! நான் 25 வருஷமா இங்க இருக்கேன், இது மாதிரி பார்த்ததில்ல.

#8 கணக்குப்பிள்ளை
யமமோட்டோவுக்கு எழும்பி நிண்டு கை தட்டுறன். இருந்தபடியே ஒரு தூஷணமும் சொல்லுறன்.

#9 கோப்பி_டபுள்டபுள்
எல்லாரும் ஆறுதலா இருங்கோ பிள்ளையள். நான் இண்டைக்கு ஒரு பழங்கதை சொல்லப்போறன், நீளமா இருக்கும், விருப்பமில்லாதவை கீழ இறங்குங்கோ.

நான் 89இல ரொறன்ரோவுக்கு வந்தனான். அந்த வருசம்தான் ஸ்கைடோம் திறந்தவை, கூரை திறக்கிற ஸ்டேடியம் எண்டு எல்லாரும் கதைக்கினம், எனக்கு அது என்னத்துக்கு எண்டே தெரியாது. டவுன்ரவுனில ஒரு ரெஸ்ரோரன்ற்றில கோப்பை கழுவிறனான். ஒரு அறை வீட்டில எட்டுப் பெடியள், ஆள் மாறி ஆள் நித்திரை.

92 ஒக்டோபர் 24, சனிக்கிழமை. குசினிக்குள்ள செஃப் சின்ன ரேடியோ ஒண்டை மாப்பெட்டிக்கு மேல வச்சிருந்தவர். அது மா படிஞ்சு வெள்ளையாப் போய்க் கிடக்கும், ஏரியலுக்குப் பதிலா முள்ளுக்கரண்டி ஒண்டு செருகியிருக்கும். இரவு பதினொண்டு, பன்னிரண்டு, சாப்பிட வந்த ஆக்கள் வீட்டை போகினம் இல்லை, கோப்பையும் வரேல்லை, நான் ஈரக் கையுறையோட சும்மா நிக்கிறன். அட்லாண்டாவில வேர்ல்ட் சீரிஸ் மேட்ச். ஒன்பதாவதில எங்கட ஆக்கள் ஒரு ரன் முன்னுக்கு, ரெண்டு அவுட், ஓட்டிஸ் நிக்ஸன் எண்டவன் அடிச்சுச் சமப்படுத்திட்டான். நேற்று நடந்தது மாதிரியே. செஃப் அகப்பையைச் சுவரில எறிஞ்சார், அந்தக் கறை நான் வேலையை விடும் வரைக்கும் கிடந்தது.

பிறகு பதினோராவது இனிங்ஸ். 41 வயசு டேவ் வின்ஃபீல்ட் லெஃப்ட் கோட்டோட ஒரு அடி, ரெண்டு ரன். அவங்களும் ஒண்டை எடுத்து 4-3, மூண்டாம் பேஸில ஆள் நிக்கிறான், ரெண்டு அவுட், திரும்ப அதே நிக்ஸன் வாறான். வந்து பன்ட் பண்ணுறான், வீசி அடிக்காமல் மெல்லத் தட்டி விடுறான்! டிம்லின் எண்ட பிச்சர் ஓடிப் பொறுக்கி முதலாம் பேஸுக்கு எறிய, பிடிச்சது ஜோ கார்ட்டர். முடிஞ்சுது. எனக்கு இது ஒண்டும் விளங்கேல்லை, ரேடியோவில ஆள் கத்துறார், செஃப் சட்டியைத் தூக்கி அடிக்கிறார், வெளியில ஒரு நிமிசத்தில டமார் டமார் எண்டு சத்தம். நான் என்ன செய்தனான் எண்டு நினைக்கிறியள்? ஸ்ரீல் மேசைக்குக் கீழ பூந்திட்டன். ஊரில இருந்து வந்து மூண்டு வருசம்தானே. செஃப் குனிஞ்சு பாத்திட்டு என்ரை கையைப் பிடிச்சு இழுத்து வெளியில கொண்டு போனார், யங் ஸ்ட்ரீற்றில சனம் எண்டா சனம், காருக்கு மேல ஏறி நிக்கினம், முன்பின் தெரியாத ஒரு மனிசி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா. ஏப்ரனோட நிக்கிறன், கையில இன்னும் அந்தக் கையுறை.

அடுத்த கிழமை செஃப்பிட்டை கேட்டன், பேஸ்போல் எண்டா என்ன எண்டு. ஓர்டர் எழுதுற துண்டுக்குப் பின்பக்கம் வைரம் மாதிரிக் கீறி, உப்பு, மிளகு, சோஸ் போத்தல் எல்லாம் பேஸா வச்சுக் காட்டித் தந்தவர். அப்ப மனேஜர் சிட்டோ காஸ்டன். கறுப்பினத்தவர் ஒருவர் மனேஜரா வேர்ல்ட் சீரிஸ் வெண்டது அதுதான் முதல் தரம், அதையும் செஃப்தான் சொன்னவர், தானும் கறுப்பர், ஜமெய்க்காக்காரர் எண்டபடியால் பெருமையாச் சொன்னவர்.

#10 மூண்டாம்பேஸ்_அக்கா
அண்ணை, 93ஐயும் சொல்லுங்கோ, விட்டிடாதேங்கோ.

#11 கோப்பி_டபுள்டபுள்
93 வேர்ல்ட் சீரிஸை அறையில இருந்து ரிவியில பாத்தனான், அப்ப எனக்கு ரூல் தெரியும், மற்றப் பெடியளுக்கு நான்தான் வாத்தி. 6-5 பின்னுக்கு, கடைசி இனிங்ஸ், ஹென்டர்சன் ரெண்டாம் பேஸில, மொலிட்டர் முதலாம் பேஸில. மிச் வில்லியம்ஸ் எறிஞ்சான், கார்ட்டர் அடிச்சான் ஹோம் ரன், வெண்டிட்டம். அவன் துள்ளித் துள்ளி ஓடினதை எல்லாரும் எத்தினையோ தரம் பாத்திருப்பியள். நான் அப்ப பாத்தது பாதிதான், ஏனெண்டா ஒருத்தன் எழும்பி ரிவிக்கு முன்னால நிண்டிட்டான். அவன் இப்ப மார்க்கம் எண்ட ஊரில வீடு விக்கிறான், காணுற நேரமெல்லாம் பேசுறனான்.

வித்தியாசம் என்னெண்டா 92இல ஒண்டும் விளங்காமல் சந்தோசப்பட்டனான். நேற்று எல்லாம் விளங்கிக்கொண்டு தோத்தனான். அந்த ஃபோர்ஸ், அந்தப் பேஸை விட்டுத் தள்ளி நிக்கிற லீட், பதினோராவதில எங்கட கேர்க்கின்ர மட்டை உடைஞ்சு பந்து மூக்கி பெட்ஸிட்டை போகேக்கயே எனக்குத் தெரிஞ்சிட்டுது, அவன் பேஸை மிதிச்சிட்டு முதலாவதுக்கு எறிய முந்தியே ரிமோட்டைத் தேடிட்டன்.

#12 பெஞ்ச்சில_இருக்கிறவன்
அண்ணை 😭 நான் 93 டிசம்பர். கார்ட்டர் அடிக்கேக்க அம்மாவின்ர வயித்துக்குள்ள. எனக்குத் தெரிஞ்ச பெரிய சந்தோசம் பௌடிஸ்டா 2015இல ஹோமர் அடிச்சிட்டு மட்டையைத் தூக்கி எறிஞ்சது மட்டும்தான், பிறகு இந்த வருசம் தீபாவளி இரவு ஸ்ப்ரிங்கர் சியாட்டிலுக்கு அடிச்ச மூண்டு ரன்.

#13 மொன்றியல்_குளிர்
ரொறன்ரோக்காரர் எல்லாரும் ஒரு நாள் அழுது போட்டு எழும்புவியள். எங்கட கதை கேளுங்கோ.

கனடாவை டொட்ஜர்ஸ் ஒன்பதாவதில அறுக்கிறது இது முதல் தரம் இல்லை. 1981 ஒக்டோபர் 19, மொன்றியல் ஒலிம்பிக் ஸ்டேடியம், எங்கட ரீம் எக்ஸ்போஸும் டொட்ஜர்ஸும் 1-1, வெண்டா வேர்ல்ட் சீரிஸ். ஒன்பதாவதில ரெண்டு அவுட், ரிக் மன்டே எண்டவன் அடிச்சான் ஹோம் ரன். அது திங்கட்கிழமை, இண்டைக்கும் இஞ்சத்தைப் பழைய ஆக்கள் அந்த நாளைக் கறுப்பு நாள் மாதிரித்தான் கதைக்கினம். நான் அப்ப இஞ்ச இல்லை, ஆனா என்னோட ஃபக்டரியில வேலை செய்த பிரெஞ்சுக் கிழவர் ஒவ்வொரு ஒக்டோபரும் அதைச் சொல்லாமல் விடமாட்டார், சொல்லிப்போட்டு நிலத்தைப் பாத்துத் துப்புவார்.

நான் கண்டது 94. 74 வெற்றி, 40 தோல்வி, முழு லீக்கிலயும் எங்களுக்கு மேல ஒருத்தனும் இல்லை. பெட்ரோ மார்ட்டினஸ், லரி வோக்கர், மொய்சேஸ் அலு, மனேஜர் அவன்ர தகப்பன் ஃபெலிப்பே. ஓகஸ்ட் 12 ஆட்டக்காரர் வேலை நிறுத்தம். செப்ரெம்பரில வேர்ல்ட் சீரிஸே இல்லை எண்டு சொல்லிட்டினம். நீங்கள் தோத்தாவது போட்டியள், எங்களுக்குத் தோக்கக்கூட விடேல்லை. பிறகு ஒவ்வொருத்தனா வித்தாங்கள், 2004 முடிய ரீமையே வொஷிங்டனுக்குக் கொண்டு போட்டாங்கள்.

ஆனா ஒண்டு, உங்கட விளாடி, விளாடிமிர் கெரேரோ ஜூனியர், எங்கட பிள்ளை. 99இல மொன்றியலில பிறந்தவன், தகப்பன் எக்ஸ்போஸில இருக்கேக்க. தொப்பியைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில நிக்கிற சின்னப் பெடியன் படம் ஒண்டு இருக்கு, பாத்திருப்பியள். 2018இல சீசனுக்கு முந்தின சும்மா மேட்ச் ஒண்டு இஞ்ச ஒலிம்பிக் ஸ்டேடியத்தில வச்சவை, கடைசி இனிங்ஸில 0-0, அவன் அடிச்ச ஹோம் ரன்னில மேட்ச் முடிஞ்சுது. அடிச்சது புளூ ஜேய்ஸ் உடுப்போடதான், இருந்தாலும் நான் கத்தினது எக்ஸ்போஸுக்கு.

#14 சான்டாமோனிகா_சாம்பார்
மான்ட்ரியல் அண்ணா, டாட்ஜர்ஸ் உங்களுக்கு ஒரு நல்லதும் பண்ணியிருக்காங்க, அதையும் கணக்குல வைங்க. ஜாக்கி ராபின்சன் 1947ல ப்ரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடறதுக்கு முன்னாடி 46 முழுக்க மான்ட்ரியல் ராயல்ஸ்ல தான் ஆடினார், டாட்ஜர்ஸோட கிளை டீம் அது. அமெரிக்காவுல பல ஊர்ல ஓட்டல்ல ரூம் குடுக்காத ஆளை உங்க ஊர் ஜனங்க தோள்ல தூக்கி வச்சிருக்காங்க, சாம்பியன் ஆன அன்னைக்கு சந்தோஷத்துல தெருவுல துரத்திட்டு ஓடியிருக்காங்க.

#15 மொன்றியல்_குளிர்
அது உண்மை. அதுக்காக மன்டேயை மன்னிக்கேலாது.

#16 வைகைக்கரை
இங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியல நான் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கேன்னு. "எந்த டீம்டா?" "டொராண்டோ." "அது எங்கடா இருக்கு, நீ ஏன்டா அழற?" 😂 ஒண்ணு சொல்லணும், ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசில கிளெமென்ட் அடிச்சானே, அது போயிருச்சுன்னு நினைச்சு நான் பஸ்லயே எந்திரிச்சு நின்னுட்டேன்.

#17 கணக்குப்பிள்ளை
எல்லாரும் எழும்பினவைதான் தம்பி. இந்த பிளே ஓஃப்ஸில மட்டும் கிளெமென்ட் 30 ஹிட், ஒரே போஸ்ட் சீசனில ஆரும் அவ்வளவு அடிச்சதில்லை. அந்தப் பந்து லெஃப்ட்டுக்கும் சென்ரருக்கும் நடுவில ஆழமாப் போகுது, கீக்கே பின்பக்கமா ஓடிப் பிடிக்கப் போறான், பாஹேஸ் எண்டவன் சென்ரரில இருந்து புயல் மாதிரி வந்து அவனை இடிச்சு விழுத்திப் போட்டு மேலால பிடிச்சான். அந்தப் பாஹேஸை அந்த இனிங்ஸிலதான் உள்ள இறக்கினவை! வேற ஆள் நிண்டிருந்தா? நான் அதை யோசிக்கிறதில்லை எண்டு மனிசிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறன்.

#18 மூண்டாம்பேஸ்_அக்கா
வைகைக்கரைத் தம்பிக்கு ஒரு விசயம். எங்களுக்கு இந்த விளையாட்டு முழுக்கப் புதுசு இல்லை. ஊரில பள்ளிக்கூடத்தில எல்லே எண்டொரு விளையாட்டு விளையாடினனாங்கள். மூங்கில் தடி, மூண்டு தரம் அடிக்கச் சந்தர்ப்பம், அடிச்சிட்டுச் சுத்தி ஓடோணும், ஓடேக்க பந்தால முதுகில எறிஞ்சா அவுட். முதுகு சிவந்து போய்த்தான் வீட்டை வருவம், அம்மா கேட்டா விழுந்திட்டன் எண்டு சொல்லுறது. இஞ்ச வந்து முதல் முதல் ரிவியில பேஸ்போல் பாக்கேக்க, அட இது எல்லே, உடுப்பு மட்டும் வடிவு எண்டு நினைச்சனான்.

எல்லேயில பயந்து காப்போட, அதுதான் பேஸோட, நிண்டா நக்கல் அடிச்சே கொண்டுபோடுவாளவை. அதுதான் எனக்கு ஃபலேஃபாவை நினைக்கப் பாவமா இருக்கு. அந்தாள் பயந்தவர் இல்லை, சொன்னதைச் செய்தவர்.

#19 பெஞ்ச்சில_இருக்கிறவன்
அக்கா சொன்னாப் பிறகு எனக்கும் கோவம் குறைஞ்சு போச்சு. ஆனா ரெண்டு எட்டு! ரெண்டே ரெண்டு எட்டு! ஹோமுக்கும் மூண்டாவதுக்கும் 90 அடி, அதில 89 அரை ஓடியாச்சு.

#20 கணக்குப்பிள்ளை
ரெண்டு எட்டுத் தள்ளி நிண்டு, வார்ஷோ அதை நிலத்தில அடிக்காமல் மூண்டாம் பேஸ்காரன்ர கைக்குள்ள நேர அடிச்சிருந்தா, "ஏன் தள்ளி நிண்டவன்" எண்டு நீர்தான் இதே இழையைத் துடங்கியிருப்பீர்.

#21 பெஞ்ச்சில_இருக்கிறவன்
ஓம். துடங்கியிருப்பன்.

#22 கோப்பி_டபுள்டபுள்
இண்டைக்கு விடிய ரிம் ஹோர்ட்டன்ஸில வரிசையில நிக்கிறன், முன்னால நிண்ட வெள்ளைக்காரக் கிழவர் 92 ஜக்கெற் போட்டிருந்தார், கைப்பக்கம் நூல் பிஞ்சு போயிருக்கு. ஒருத்தரும் கதைக்கேல்லை. அவர் திரும்பி என்ரை தொப்பியைப் பாத்தார், நான் அவற்றை ஜக்கெற்றைப் பாத்தன். "ரோஹாஸ்" எண்டார். "ரோஹாஸ்" எண்டன். என்ரை கோப்பிக்கும் சேத்து அவரே காசு குடுத்திட்டுப் போட்டார்.

#23 மூண்டாம்பேஸ்_அக்கா
நான் இப்ப மகனோட டிரைவ்வேயில நிக்கிறன். அவன் என்ரை செருப்பை மூண்டாம் பேஸா வச்சு, குப்பைத் தொட்டி மூடியை ஹோம் பிளேற்றா வச்சு, அளவு நாடாவோட அளந்து பாத்து, எத்தினை அடி தள்ளி நிண்டா சேஃப் எண்டு ஓடி ஓடிப் பாக்கிறான். நான் ரோஹாஸ். பதினொரு தரம் ஓடிட்டான், நாலு தரம்தான் அவுட் ஆக்க முடிஞ்சுது, எனக்கு இடுப்பு போச்சு.

#24 பெஞ்ச்சில_இருக்கிறவன்
சறுக்கினவனோ, நேர ஓடினவனோ?

#25 மூண்டாம்பேஸ்_அக்கா
தார் ரோட்டில என்னெண்டு சறுக்கிறது, காற்சட்டை கிழிஞ்சா நீங்களோ வாங்கித் தருவியள். நேர ஓடித் தொட்டியோட போய் இடிச்சவன். பக்கத்து வீட்டு மனிசி யன்னலால பாத்திட்டு வெளியில வந்திட்டா, அவ இப்ப கச்சர்.